யூத மரபில் ஒற்றுமையும் பிறர் அன்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் யூதர்களைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் விவிலியக் கதை, இல்லையென்றால் போர்ச் செய்தி. இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 2000 ஆண்டுகளாக அவர்கள் தங்களுக்குள் வாதாடி எழுதிவைத்த பெரிய இலக்கியம் ஒன்று இருப்பது அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. அதிலிருந்து ஒரு சரட்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஒருவரை ஒருவர் நேசிப்பது, சண்டை வந்தாலும் பிரிந்துபோகாமல் இருப்பது. இன்றைய இஸ்ரேலின் கட்சி அரசியலுக்குள் போகவில்லை.

“உன்னைப்போல் பிறனையும் நேசி” என்பது இயேசு சொன்னதுதானே?

இயேசுவும் சொன்னார். ஆனால் அவர் எடுத்துச் சொன்னது மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் ஏற்கெனவே இருந்த கட்டளையை. லேவியராகமம் 19ஆம் அதிகாரம், 18ஆம் வசனம். அவரும் யூதர்தான், கேட்டுக்கொண்டிருந்தவர்களும் யூதர்கள்தான். அங்கே யாருக்கும் அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்துப் பார்ப்பது நல்லது. அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவை, கூலியாளின் கூலியை மறுநாள் காலைவரை பிடித்துவைக்காதே, காது கேளாதவனைத் திட்டாதே, கண் தெரியாதவன் வழியில் தடுக்குமாறு எதையும் வைக்காதே, கோள் சொல்லித் திரியாதே என்று அடுக்கிக்கொண்டே வந்து, பழிவாங்காதே, வன்மம் வைக்காதே, பிறனை நேசி என்ற இடத்துக்கு வந்து சேர்கிறது. அதாவது கூலி பாக்கிக்கும் வயல் வரப்புக்கும் பக்கத்தில்தான் அன்பு பேசப்படுகிறது.

பழிவாங்குவதற்கும் வன்மத்துக்கும் என்ன வித்தியாசம்? யூத ஆசான்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூது ஓர் உதாரணம் தருகிறது. “உன் அரிவாளைக் கொஞ்சம் கொடு” என்று ஒருவன் கேட்கிறான், மற்றவன் இல்லை என்கிறான். மறுநாள் அந்த மற்றவன் வந்து கோடரி கேட்கிறான். “நீ நேற்று அரிவாள் தரவில்லையே, நானும் தரமாட்டேன்” என்றால் அது பழிவாங்கல். சரி, வன்மம் எது? கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு, “இந்தா, வைத்துக்கொள். நான் உன்னை மாதிரி ஆள் இல்லை” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வது. கொடுத்தும் குத்திக்காட்டும் இந்தப் பழக்கத்தை அவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறார்கள்.

அன்பு செய் என்று சட்டம் போட்டால் அன்பு வந்துவிடுமா?

வராது என்று வெளிப்படையாகவே சொன்னவர் 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் ஜிரோனாவில் வாழ்ந்த ரபி (யூத சமய ஆசான்) மோசே பென் நக்மான். தன்மேல் உள்ள அன்பு அளவுக்கு இன்னொருவன்மேலும் வைக்க மனித மனம் இடம் தராது. அவனுக்கு எல்லா நன்மையும் வரட்டும், அதில் எனக்குப் பொறாமை வேண்டாம் என்ற நிலைக்கு வருவதே கட்டளையின் பொருள் என்று அவர் விளக்கினார். நம்மைவிடக் குறைவாக இருக்கும்வரை நண்பனுக்கு நல்லது நடப்பதை ரசிப்போம், நம்மைத் தாண்டினால் கொஞ்சம் எரியும். அந்த இடத்தில்தான் அவர் விரலை வைக்கிறார்.

அவருக்கு முன்பு எகிப்தில் வாழ்ந்து 1204இல் மறைந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதைச் செயலாகவே பிரித்துவிட்டார். அடுத்தவனைப் பற்றி நல்லது பேசு. உன் பணத்தைக் காப்பதுபோல் அவன் பணத்தைக் காப்பாற்று. உன் மானத்தைப்போல் அவன் மானத்தைப் பார். நோயாளியைப் பார்க்கப் போவது, துக்க வீட்டுக்குப் போவது, பிணத்தோடு கூட நடப்பது, மணமக்களை மகிழ்விப்பது, விருந்தாளியை வழியனுப்புவது, இவை எல்லாமே அந்த ஒரு கட்டளைக்குள் அடங்கும் என்றும் எழுதினார். என் பார்வையில் இந்த மரபின் பலமே இதுதான். உனக்கு அவனைப் பிடிக்கிறதா என்று அது கேட்பதில்லை. அவன் வீட்டுச் சாவுக்குப் போனாயா என்று கேட்கிறது.

இதற்கு எல்லையும் உண்டு. பாலைவனத்தில் இருவர், ஒருவன் கையில் மட்டும் தண்ணீர். இருவரும் பகிர்ந்தால் இருவரும் சாவார்கள், ஒருவன் குடித்தால் அவன் ஊர் போய்ச் சேர்வான். இருவரும் குடித்துச் சாகட்டும் என்றார் தல்மூதில் வரும் பென் பெத்தூரா என்ற ஆசான். ரபி அகிவா மறுத்தார்: உன் உயிர் முதலில். பிறனை நேசிப்பதே தோராவின் பெரிய அடிப்படை என்று சொன்ன அதே அகிவாதான் இதையும் சொன்னவர். இந்த முரண் தல்மூது படிப்பவர்களை இன்றும் தூங்கவிடுவதில்லை.

ஒற்றைக் காலில் நின்ற கதை என்ன?

ஒருவன் ஷம்மாய் என்ற ஆசானிடம் வந்து, நான் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் முழுத் தோராவையும் சொல்லிக்கொடுங்கள், யூதனாகிவிடுகிறேன் என்றான். ஷம்மாய் கையிலிருந்த அளவுகோலாலேயே விரட்டினார். அவன் ஹில்லேல் என்ற இன்னொரு ஆசானிடம் போனான். “உனக்கு எது வெறுப்போ அதைப் பிறனுக்குச் செய்யாதே. முழுத் தோராவும் இதுதான், மற்றது விளக்கம். போய்ப் படி” என்றார் அவர். எல்லாரும் முதல் பாதியை மேற்கோள் காட்டுவார்கள். கடைசியில் வரும் “போய்ப் படி”யை விட்டுவிடுவார்கள். அது இல்லாமல் ஹில்லேலின் பதில் முழுமையாகாது.

“பிறன்” என்றால் யார்? யூதர் மட்டும்தானா?

மழுப்பாமல் சொன்னால், சட்ட நூல்களில் பெரும்பாலும் அந்த வசனத்தை யூதருக்குள் உள்ள கடமையாகவே படித்தார்கள். மைமோனிடிஸும் அப்படித்தான். அதே அதிகாரத்தில், 34ஆம் வசனத்தில், உங்களோடு தங்கும் அந்நியனையும் உன்னைப்போல் நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. அந்த “அந்நியன்” யூத சமயத்தைத் தழுவியவனைக் குறிக்கும் என்று பிற்காலச் சட்டம் சுருக்கியதும் உண்மை.

ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. அகிவா “பிறனை நேசி”யைப் பெரிய அடிப்படை என்றபோது, உடனிருந்த பென் அசாய் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது என்றார். அவர் காட்டியது ஆதியாகமம் 5ஆம் அதிகாரத்தின் தொடக்கம்: ஆதாமின் வம்ச வரலாறு, மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டது. உன்னை நீயே கேவலமாக நினைத்தால் பிறனையும் கேவலப்படுத்தலாமா? கூடாது, ஏனென்றால் அவன் யாருடைய சாயல் என்று பார். இந்த வாதத்தில் இனத்துக்கு இடமே இல்லை. நடைமுறையிலும், சமாதானத்தின் பொருட்டு யூதரல்லாத ஏழைக்கு உதவ வேண்டும், அவர்களின் நோயாளிகளைப் பார்க்க வேண்டும், இறந்தவர்களை அடக்கம் செய்ய வேண்டும் என்று தல்மூது சொல்கிறது. நவீன காலத்தில் பல ரபிகள் பென் அசாயின் பக்கம் சாய்கிறார்கள். எல்லாரும் அல்ல.

வெறுப்பால்தான் எருசலேம் கோவில் இடிந்தது என்கிறார்களே, ரோமர் இடித்தது இல்லையா?

கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படைதான் இடித்தது. அதை யூத மரபு மறுக்கவில்லை. ஆனால் தல்மூது கேட்பது வேறு கேள்வி: நாம் ஏன் அந்த நிலைக்கு வந்தோம்? முன்பு பாபிலோனியர் இடித்த முதல் கோவில் சிலை வழிபாடு, ஒழுக்கக்கேடு, கொலை ஆகியவற்றால் அழிந்தது. ரோமர் இடித்த இரண்டாம் கோவில் காலத்தில் படிப்பும் தருமமும் இருந்தன. பின் ஏன்? காரணமற்ற பகை இருந்தது, அது அந்த மூன்றுக்கும் சமம் என்று பதில் தருகிறது.

கூடவே ஒரு கதையும் வரும். எருசலேமில் ஒரு பணக்காரன் விருந்து வைக்கிறான். நண்பன் பெயர் கம்சா, எதிரியின் பெயர் பார் கம்சா. வேலையாள் ஆள் மாறி எதிரியை அழைத்துவந்துவிடுகிறான். பந்தியில் அவனைப் பார்த்த வீட்டுக்காரன் எழுந்து போகச் சொல்கிறான். “வந்தது வந்துவிட்டேன். நான் சாப்பிடுவதற்குக் காசு தந்துவிடுகிறேன், அவமானப்படுத்தாதே” என்று கெஞ்சுகிறான் பார் கம்சா. முடியாது. “விருந்துச் செலவில் பாதி தருகிறேன்.” முடியாது. “முழுச் செலவும் என்னுடையது.” வீட்டுக்காரன் அவன் கையைப் பிடித்துத் தூக்கி வெளியே தள்ளுகிறான்.

பார் கம்சாவுக்கு வீட்டுக்காரன் மேல் வந்த கோபத்தைவிட, அதே பந்தியில் உட்கார்ந்திருந்த ரபிகள் மேல் வந்த கோபம் பெரியது. அவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்களே, அப்படியென்றால் அவர்களுக்கும் இது சம்மதம்தானே என்று நினைத்தான். நேராக ரோமப் பேரரசனிடம் போய், யூதர்கள் கலகம் செய்கிறார்கள், வேண்டுமானால் ஒரு பலி அனுப்பிப் பாருங்கள் என்று மூட்டிவிட்டான். அனுப்பிய கன்றுக்கு வழியிலேயே ஒரு சின்ன ஊனம் செய்தான். யூதச் சட்டப்படி அது குறை, ரோமர் கணக்கில் குறையே இல்லை. பேரரசனோடு சமாதானம் வேண்டும், பலியிட்டுவிடலாம் என்றே ரபிகள் நினைத்தார்கள். செகரியா பென் அவ்குலாஸ் என்பவர் மட்டும், ஊனமுள்ளதைப் பலியிடலாம் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களே என்று தடுத்தார். பலி நின்றது. போர் வந்தது.

இது நடந்த வரலாறா என்று கேட்டால், இந்த உருவத்தில் நடந்திருக்காது. ஆனால் முற்றுகைக் காலத்தில் எருசலேமுக்குள்ளேயே யூதக் குழுக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டதையும், நகரத்தின் தானியக் கிடங்குகள் உள்சண்டையில் எரிந்ததையும் அந்தக் காலத்திலேயே வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். தல்மூதும் கிடங்கு எரிந்த கதையைச் சொல்கிறது. இன்றும் கோவில் அழிவை நினைக்கும், யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் 9ஆம் நாள் நோன்பின்போது பலர் கம்சா கதையைப் படிப்பார்கள். கவனியுங்கள், கதையில் நண்பன் கம்சா எதுவுமே செய்யவில்லை. ஆனாலும் “கம்சாவாலும் பார் கம்சாவாலும் எருசலேம் அழிந்தது” என்று அவன் பெயரையும் சேர்த்துத்தான் மரபு சொல்கிறது.

ரபி அகிவாவின் 24,000 மாணவர்கள் ஏன் இறந்தார்கள்?

ஒருவருக்கொருவர் மரியாதை காட்டாததால் என்கிறது தல்மூது. பெசாக் (பாஸ்கா) பண்டிகைக்கும் ஏழு வாரம் கழித்து வரும் ஷவுவோத் பண்டிகைக்கும் நடுவே அத்தனை பேரும் கொள்ளைநோயில் போனார்களாம். அதனால் இந்த ஏழு வாரத்தில் பல சமூகங்கள் கல்யாணம் வைப்பதில்லை, முடி வெட்டுவதில்லை. 33ஆம் நாளில் தடை தளர்கிறது. அன்பைப் போதித்த ஆசிரியரின் மாணவர்களுக்கே இது நடந்தது என்பதுதான் கதையின் கூர்மை. “மரியாதைக் குறைவு” என்பது ரோமருக்கு எதிரான பார் கோக்பா கலகத்தில் இறந்ததை மறைத்துச் சொன்னது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

ஒற்றுமை என்றால் எல்லாரும் ஒரே கருத்தில் இருக்க வேண்டுமா?

அப்படி இருந்தால் தல்மூது என்ற நூலே இருந்திருக்காது. பக்கத்துக்குப் பக்கம் கருத்து வேறுபாடுதான், தோற்றவரின் வாதமும் பெயரோடு பதிவாகியிருக்கும். ஹில்லேல் பள்ளியும் ஷம்மாய் பள்ளியும் மூன்று ஆண்டு வாதாடிய பிறகு வானிலிருந்து குரல் வந்ததாம்: “இதுவும் அதுவும் உயிருள்ள கடவுளின் சொல்லே, ஆனால் சட்டம் ஹில்லேல் பள்ளியின்படி.” ஏன் அவர்களுக்குச் சாதகம்? அவர்கள் பணிவானவர்கள், தங்கள் கருத்தோடு எதிராளியின் கருத்தையும் கற்றார்கள், அதுமட்டும் இல்லை, எதிராளி சொன்னதை முதலில் சொல்லிவிட்டுத்தான் தங்களுடையதைச் சொன்னார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, தல்மூதுக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் வரும் ஒரு சின்னத் தகவல். யாரை யார் கட்டலாம் என்பதிலேயே இரு பள்ளிகளுக்கும் கடும் சண்டை. ஒருவர் அனுமதித்த திருமணத்தை மற்றவர் செல்லாது என்றார். அப்படியிருந்தும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. தீட்டு விஷயத்தில் ஆயிரம் வாதம், ஆனால் ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை மற்றவர் புழங்கினார்கள். சம்பந்தமும் பாத்திரமும் நின்றால்தான் பிளவு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரொம்பவும் அழகுபடுத்தவும் வேண்டாம். தல்மூதின் இன்னொரு வடிவமான எருசலேம் தல்மூதில், ஒரு வாக்கெடுப்பு நாளில் ஷம்மாயின் மாணவர்கள் ஹில்லேலின் மாணவர்களைக் கொன்றதாகவும் ஒரு குறிப்பு இருக்கிறது.

ஒருவன் தவறுக்கு எல்லாரும் பொறுப்பா?

“இஸ்ரயேலர் எல்லாரும் ஒருவருக்கொருவர் பிணை” என்பது தல்மூதின் விதி. ரபி ஷிமோன் பார் யோகாய் சொன்ன கதை: படகில் போகும் ஒருவன் தன் இருக்கைக்கு அடியில் துளை போடுகிறான். மற்றவர்கள் கத்தினால், “என் இடத்தில்தானே போடுகிறேன், உங்களுக்கென்ன?” என்கிறான். தண்ணீர் அவன் இருக்கையோடு நிற்குமா? கூடாரப் பண்டிகையில் எத்ரோக் என்ற நாரத்தை வகைப் பழம், பேரீச்சங்குருத்து, மிர்ட்டில் கிளை, வில்லோ மரக்கிளை ஆகிய நான்கையும் சேர்த்துப் பிடிப்பதற்கும் இப்படி ஒரு விளக்கம் உண்டு. சுவையும் மணமும் உள்ளது பழம்; கடைசிக் கிளைக்கு இரண்டும் இல்லை. படிப்பும் நற்செயலும் இல்லாதவனின் அடையாளம் அது. ஆனால் அதை விட்டுவிட்டுச் சடங்கு நடக்காது.

அன்றாட வாழ்க்கையில் இதெல்லாம் எங்கே தெரிகிறது?

முக்கியமான தொழுகைகளுக்குப் பத்துப் பேர் வேண்டும். இறந்தவருக்கான கதிஷ் வேண்டுதலைத் தனியாகச் சொல்ல முடியாது. அப்பாவை இழந்தவன் கதிஷ் சொல்ல வேண்டுமென்றால் ஒன்பது பேர் வேலையை விட்டு வந்து நிற்க வேண்டும். பூரிம் பண்டிகை நாளில் நண்பர்களுக்குப் பலகாரம் அனுப்புவதும் ஏழைகளுக்குக் கொடுப்பதும் சடங்கின் பகுதி. பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரின் நோன்பு கடவுளுக்குச் செய்த பாவத்தை மட்டும்தான் தீர்க்கும். மனிதனுக்குச் செய்ததை, அவனிடமே போய்ச் சமாதானம் செய்துகொள்ளாதவரை தீர்க்காது. அதனால் அதற்கு முந்தைய நாட்களில் மன்னிப்புக் கேட்டுப் போன் அழைப்புகள் பறக்கும். ஒருவர் மன்னிக்க மறுத்தால் மூன்று முறை கேட்க வேண்டும். அவர் இறந்துவிட்டால் பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

வட்டியில்லாக் கடன் தரும் கெமாக் அமைப்புகள் யூதக் குடியிருப்புகளில் தெருவுக்குத் தெரு உண்டு. பணம் மட்டும் இல்லை. கல்யாண உடை, தொட்டில், நாற்காலி, மருந்து என்று எதையாவது ஒரு வீட்டில் வைத்துக்கொண்டு இரவல் தருவார்கள். தருமத்தை எட்டுப் படியாகப் பிரித்த மைமோனிடிஸ், ஒருவன் கையேந்தும் நிலைக்கு வருமுன் கடனோ கூட்டுத் தொழிலோ வேலையோ கொடுத்துத் தாங்குவதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

எதிரியையும் நேசிக்க வேண்டுமா?

நேசி என்று சொல்லவில்லை, உதவு என்கிறது. சுமை தாங்காமல் விழுந்த கழுதை உன் எதிரியுடையது என்றாலும் தூக்கிவிடு என்பது யாத்திராகமக் கட்டளை. ஒரு பக்கம் நண்பன், மறுபக்கம் எதிரி, இருவருக்கும் உதவி தேவை என்றால் முதலில் எதிரியிடம் போ, உன் மனத்தை அடக்கப் பழகு என்று தல்மூது சேர்த்துக்கொள்கிறது.

உண்மையைச் சொல்வதும் புறங்கூறலா?

ஆம். பொய் சொன்னால் அது அவதூறு, இன்னும் மோசம். உண்மையாகவே இருந்தாலும் ஒருவருக்குக் கெடுதல் தரும் பேச்சு தடை. போலந்து–லித்துவேனியப் பகுதியில் ராதின் என்ற ஊரில் வாழ்ந்த ரபி இஸ்ரயேல் மேயர் ககான் 1873இல் இதற்காகவே ஒரு சட்ட நூல் வெளியிட்டார். அந்த நூலின் பெயரான “ஹபேட்ஸ் ஹயிம்” என்பதே அவர் பெயராகிவிட்டது. விதிவிலக்கும் உண்டு: தொழில் கூட்டோ சம்பந்தமோ பேசும் ஒருவர் ஏமாறப்போகிறார் என்றால், வம்பு வளர்க்காமல், கூட்டிச் சொல்லாமல், எச்சரிக்கலாம்.

இந்த மரபு தோற்ற இடங்கள் உண்டா?

நிறைய. ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, கொச்சியில். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்கு இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். அதைக் கட்டியவர்கள் ஸ்பெயின் முதலான நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு முன்பிருந்தே கேரளத்தில் வாழ்ந்த மலபார் யூதர்களோடு அவர்கள் மணஉறவு வைத்துக்கொள்ளவில்லை. “வெள்ளை”, “கறுப்பு” என்ற பிரிவு நின்றது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் அதே ஆலயத்தில் மற்றவர்களோடு சமமாக உட்கார முடியாமல் இருந்தது. எகிப்தின் பெரிய ரபி தாவீது இப்னு சிம்ரா 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து வந்த கேள்விக்கு, உரிய சடங்கு செய்துகொண்டால் மணஉறவுக்குத் தடையில்லை என்று பதில் அனுப்பியிருந்தார். பதில் வந்தது, பழக்கம் மாறவில்லை. சாதி எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மூன்றாம் பிரிவில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையில் பி.ஏ.வும் சட்டமும் படித்த வழக்கறிஞர், கொச்சிச் சட்டசபை உறுப்பினர். காந்தியின் வழியை எடுத்துக்கொண்டு, தன் சொந்த ஜெப ஆலயத்துக்கு எதிராகவே சத்தியாகிரகம் நடத்தினார். “யூத காந்தி” என்ற பெயர் அப்படி வந்தது. பாகுபாடு மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஆனால் 1948க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். சமமாக உட்காரும் உரிமை கிடைத்தபோது உட்கார ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

யூதனை யூதன் கொன்றதற்கே ஒரு நோன்பு நாள் உண்டு. முதல் கோவில் அழிந்தபின் யூதேயாவுக்கு ஆளுநராக இருந்த கெதலியாவை, இஸ்மவேல் என்ற இன்னொரு யூதன் கொன்றான். முன்பே எச்சரித்தும் கெதலியா நம்பவில்லை. யூதப் புத்தாண்டு முடிந்த மறுநாள் அதற்கு நோன்பு. 1995 நவம்பர் 4 அன்று டெல் அவிவில் பிரதமர் இட்சாக் ராபினை ஒரு யூத இளைஞன் சுட்டுக் கொன்றபோது பலருக்கும் அந்தப் பெயர்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

“காரணமற்ற அன்பு” என்று அடிக்கடி சொல்கிறார்களே?

அது ரபி ஆபிரகாம் இட்சாக் கூக் (1865–1935) தந்த சொல். காரணமற்ற பகையால் அழிந்தோம் என்றால் காரணமற்ற அன்பால்தான் திரும்பக் கட்டப்படுவோம் என்று எழுதினார். அவர் இருந்த சூழலைப் பார்த்தால்தான் கனம் புரியும். ஓய்வுநாளையும் உணவு விதியையும் மதிக்காத பாலஸ்தீனத்துக்கு வந்த மதச்சார்பற்ற யூதக் குடியேற்றக்காரர்களைப் பக்திமான்கள் ஒதுக்கியபோது, அவர்களோடு உறவு வைத்தார். அதற்காகத் தன் பக்கத்து ஆட்களிடமே கடுமையாகத் திட்டு வாங்கினார்.

யூத நண்பர் வீட்டில் சாவு. யூதரல்லாத நான் போகலாமா?

தாராளமாகப் போகலாம், போக வேண்டும். அடக்கம் பெரும்பாலும் உடனே நடந்துவிடும். அதன்பின் ஏழு நாள் ஷிவா, அதாவது வீட்டில் இருந்து துக்கம் காப்பது. துக்கப்படுபவர்கள் தாழ்வான இருக்கையில் இருப்பார்கள், கண்ணாடிகள் மூடியிருக்கும். கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும், மணி அடிக்கத் தேவையில்லை. உள்ளே போனதும் “எப்படி இருக்கிறீர்கள்” என்று ஆரம்பிக்க வேண்டாம். துக்கப்படுபவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது தல்மூது காலத்து வழக்கம். அவர் பேசினால் இறந்தவரைப் பற்றிப் பேசுங்கள், பேசாவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். பூ கொண்டுபோவது வழக்கமில்லை, சாப்பாடு கொண்டுபோவதுதான் வழக்கம். துக்கப்படுபவர்கள் முதல் வேளை தங்கள் சொந்த உணவைச் சாப்பிடக் கூடாது என்று அதை அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவருவார்கள், அதில் அவித்த முட்டையும் பருப்பும் இருக்கும். உணவு விதியைக் கடைப்பிடிக்கும் குடும்பமா என்று முன்பே யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் வீட்டில் செய்ததை விட்டுவிட்டு, கோஷர் (உணவு விதிக்கு ஏற்றது) என்ற முத்திரை உள்ளதை வாங்கி, பிரிக்காமல் கொடுங்கள்.